துணிக்குத் தம் போடும் இயந்திரம்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் பாலாற்றில் தண்ணீர் வருமோ வராதோ, ஆம்பூர் வீடுகளில் துணி காயாது. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, மின்விசிறியை ஐந்தில் வைத்து, மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்தால் பள்ளிச் சீருடையில் ஈர நாய் வாசனை அடிக்கும். அந்தத் தொல்லைக்காகத்தான் எங்கள் வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றை வாங்கினோம். முதல் மழைக்காலத்தில் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காயவைத்துக் கொடுத்தது. இரண்டாம் ஆண்டு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் ஆண்டு இரண்டு மணி நேரம் ஓடியும், கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. கையில் எடுத்த துண்டோ இட்லித் துணி மாதிரிச் சுடச்சுட ஈரமாக இருந்தது.

பழுது பார்க்க வந்தவர் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "ஹீட்டர் வீக் ஆயிடுச்சு சார்" என்றார். புது ஹீட்டர் போட்டார், பணம் வாங்கினார், போனார். துணி முன்னைப் போலவே சூடாக, ஈரமாக வந்தது.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் உலர்த்தும் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர் எங்கள் பெரியப்பா. ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்தவர் இந்தக் கதையைக் கேட்டார். இயந்திரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஹீட்டரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "உள்ள போற காத்து எந்தப் பக்கமாடா வெளிய வருது?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. துணி உலர்த்துவதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

நம்மில் பலருக்கும் இருக்கிற எண்ணம் இதுதான்: சூடு பட்டால் தண்ணீர் போய்விடும், சூடு கூடக்கூட வேகமாகப் போகும். இது பாதி உண்மை. மீதிப் பாதியை ஆம்பூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். தம் போட்ட பிரியாணி அண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நெருப்பு, மூடியின் மேல் தணல். சூட்டுக்குக் குறைவே இல்லை. ஆனால் அரிசி காய்ந்து போகிறதா? இல்லை. மூடி இறுக்கமாக இருப்பதால் கிளம்பிய ஆவி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றி, சோறு ஈரப்பதத்தோடு பக்குவமாகிறது. அதே அண்டாவின் மூடியைத் திறந்து வைத்து அதே நெருப்பைக் கொடுத்தால் அரை மணியில் அடிப்பிடித்து வறண்டுவிடும். இரண்டு அண்டாவுக்கும் ஒரே சூடுதான். ஒன்றில் ஆவிக்கு வழி இருக்கிறது, மற்றதில் இல்லை. எங்கள் வீட்டு இயந்திரம் மூன்றாம் ஆண்டில் துணிக்குத் தம் போட்டுக்கொண்டிருந்தது.

இதை எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு கன மீட்டர் காற்று, அதாவது மூன்றேகால் அடி நீள, அகல, உயரமுள்ள ஒரு பெட்டி நிறையக் காற்று, எவ்வளவு நீராவியைச் சுமக்கும்? அது வெப்பநிலையைப் பொறுத்தது. 25 டிகிரியில் சுமார் 23 கிராம். 40 டிகிரியில் 51 கிராம். 60 டிகிரியில் 130 கிராம். அதற்கு மேல் ஒரு சொட்டும் ஏற்றிக்கொள்ளாத நிலையைத் தெவிட்டல் என்கிறது பாடநூல். பாயசம் திகட்டுவது போலத்தான், நல்ல சொல். காற்று இப்போது சுமந்திருப்பது, அது சுமக்கக்கூடியதில் எத்தனை சதவீதம் என்பதுதான் வானிலை அறிக்கையில் வரும் ஈரப்பதம்.

இப்போது வேலூரின் அக்னி நட்சத்திரத்தையும் அடைமழையையும் பக்கம் பக்கமாக வையுங்கள். மே மாத மதியம், 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், காற்று 15 கிராம் சுமந்திருக்கிறது, இன்னும் 36 கிராமுக்கு இடம் இருக்கிறது. நவம்பர் மழை நாள், 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், 21 கிராம் ஏற்கெனவே ஏறிவிட்டது, மிச்ச இடம் வெறும் இரண்டு கிராம். கோடையைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் குறைவு. கூடத்துக் கொடியில் மூன்று நாள் தொங்கிய சீருடையின் கதை இந்த இரண்டு கிராமில் இருக்கிறது.

அந்த மழைக் காற்றையே பிடித்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் என்ன ஆகும்? அதில் இருக்கும் தண்ணீர் கூடாது. ஆனால் கொள்ளளவு 130 கிராமாக விரிந்துவிடும். நூறு கிராமுக்கு மேல் இடம் காலியாகிவிடும். ஹீட்டர் செய்கிற வேலைகளில் ஒன்று இது. துணியை வறுப்பது அதன் வேலை இல்லை. காற்றின் பையை அகலமாக்குவதுதான். வேலூர் பழைய பேருந்து நிலையத்தில் சிற்றுந்துக்குப் பதில் பெரிய பேருந்தைக் கொண்டுவந்து நிறுத்துவது போல. சரி, பேருந்து பெரியதாகிவிட்டது, ஆட்களும் ஏறிவிட்டார்கள். வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பவில்லை என்றால்? அடுத்த ஆள் ஏற இடம் ஏது? கிளப்புகிற வேலை ஊதுவிசிறியுடையது. வாசலை யாராவது மறித்துக்கொண்டால் பேருந்தின் அளவால் பயனில்லை.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது? பதினெட்டாம் நூற்றாண்டில் பலர், உப்பு தண்ணீரில் கரைவது போலத் தண்ணீர் காற்றில் கரைகிறது என்று நம்பினார்கள். காற்றுதான் தண்ணீரை உறிஞ்சுகிறது என்பது அவர்கள் எண்ணம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ஜான் டால்டன், அணுக் கொள்கைக்காக நாம் பள்ளியில் படித்த அதே டால்டன், 1802-இல் வெளியிட்ட சோதனைகளில் இந்த எண்ணத்தை உடைத்தார். காற்றே இல்லாத வெற்றிடத்தில் வைத்தாலும் தண்ணீரிலிருந்து அதே அளவு ஆவி எழுந்து அதே அழுத்தத்தைக் கொடுக்கிறது, அது வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது என்று அவர் அளந்து காட்டினார். ஆவியாகும் வேகம், நீரின் பரப்பில் உள்ள ஆவி அழுத்தத்துக்கும் சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஆவி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்று வீசினால் அந்த வேகம் கூடுகிறது. ஆக, காற்று தண்ணீரைக் குடிப்பதில்லை. பரப்பில் குவிந்த ஆவியைத் தூக்கிக்கொண்டு போய், வித்தியாசத்தைத் தக்கவைக்கிறது. வெறும் சுமைதூக்கி.

இது எனக்கு முழுதாகப் புரிந்தது பெரியப்பா சொன்ன வேக்கம் டிரையர் கதையைக் கேட்டபோதுதான். தோலைச் சூடான எஃகுத் தகட்டின் மேல் விரித்து, மேலே மூடியை இறக்கி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அழுத்தம் வெளிக்காற்றில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் தண்ணீர் 46 டிகிரியிலேயே கொதிக்கும். சில நிமிடங்களில் தோலின் ஈரம் பெருமளவு போய்விடும். காற்றோட்டம்தான் உலர்த்துகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தேனே, இங்கே காற்றே இல்லையே? இல்லைதான். ஆனால் ஆவியை உறிஞ்சி வெளியேற்றப் பம்பு இருக்கிறது. ஆள் மாறியிருக்கிறது, வேலை அதேதான். கிளம்பிய ஆவி அங்கேயே தங்கிவிடக் கூடாது. டால்டன் இருந்திருந்தால் ஆம்பூருக்கு வந்து அந்த இயந்திரத்தைத் தட்டிக் கொடுத்திருப்பார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுக உலர்த்துவது ஒரு தனிக் கைத்திறன். கோடையில் நூறு டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வெயில் அடிக்கும் இந்த மண்ணில், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை வெயிலில் போடாமல் நிழலில்தான் காயவைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பழைய டேனரிக் கட்டடங்களில் மேல்தளம் முழுக்கப் பலகைச் சாளரங்களாக இருக்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். தோல்களை நெருக்கித் தொங்கவிட்டால் ஓரத்தில் இருப்பவை காய்ந்து, நடுவில் இருப்பவை ஈரமாகவே நிற்கும். சூட்டை நம்பாமல் காற்றை நம்பிய ஊர் இது. சூட்டை அஞ்சுவதற்குக் காரணமும் உண்டு. பதனிடாத பச்சைத் தோல் ஈரமாக இருக்கும்போது 60, 65 டிகிரியிலேயே சுருங்கிவிடும். குரோமில் பதனிட்ட தோல் நூறு டிகிரி வரை தாங்கும் என்றாலும், அவசரமாக உலர்த்தினால் மேற்புறம் இறுகி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, அட்டை போல விறைத்துவிடும். 1948-இல் சென்னை அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து தோல் தொழில்நுட்பத்துக்கு ஒரு பட்டப்படிப்பே நடத்துகின்றன. தோலை எப்படிக் காயவைப்பது என்பது அங்கே தேர்வில் மதிப்பெண் வாங்கித் தரும் விஷயம்.

ஹீட்டருக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு: ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் கொடுப்பது. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல், கொதிக்கும் அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க வேண்டும். இந்த ஏழு மடங்கு எந்த வெப்பமானியிலும் தெரியாது. அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் கொதிக்கும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டாதே, அது போல மறைந்துபோகும் வெப்பம். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1760-களில் இதைக் கண்டுபிடித்து அளந்தார். தமிழில் உள்ளுறை வெப்பம் என்கிறோம். மண்பானைத் தண்ணீர் கோடையில் சில்லென்று இருப்பது இந்தக் கணக்கால்தான். கசிந்து ஆவியாகும் நீர், தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது.

ஈரத் துணியும் ஒரு மண்பானைதான். சுற்றிலும் 60 டிகிரிக் காற்று வீசினாலும், நன்றாக ஈரமாக இருக்கும் வரை, துணியின் வெப்பநிலை அவ்வளவு ஏறாது. வரும் வெப்பத்தை ஆவியே தின்றுவிடும். துணி காயும் வேகத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நனைத்துப் பிழிந்த ஒரு துண்டைச் சமையலறை எடைத் தராசில் நிறுத்துங்கள். பிறகு காற்றில் தொங்கவிட்டு அரை மணிக்கு ஒருமுறை எடையைக் குறித்து வாருங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு அரை மணிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குறையும். ஒரு கட்டத்துக்குப் பிறகு குறையும் அளவே குறைந்துகொண்டு போகும், கடைசிக் கொஞ்ச ஈரம் மட்டும் பிடிவாதமாக நிற்கும். முதல் கட்டத்தில் பரப்பு முழுக்க நனைந்திருக்கிறது. வேகத்தை நிர்ணயிப்பது வெளியே ஓடும் காற்று. இரண்டாம் கட்டத்தில் நூலிழைக்குள் பதுங்கிய நீர் மேலே வர வேண்டியிருக்கிறது. வேகத்தை நிர்ணயிப்பது துணியின் உள்ளமைப்பு. 1920-களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தாமஸ் ஷெர்வுட் இதே போன்ற எடைக் கணக்குகளை வைத்துத்தான் உலர்த்தலின் இந்த இரண்டு பருவங்களையும் தெளிவாக்கினார். உலர்த்தல் பொறியியலில் நிலைவேகப் பருவம், தளர்வேகப் பருவம் என்று இவற்றைச் சொல்லலாம். ஜீன்ஸின் இடுப்புப் பட்டை கடைசி வரை ஈரமாக இருப்பதும், செருப்புத் தோலின் கனமான பகுதி மெதுவாகக் காய்வதும் இரண்டாம் பருவத்தின் சேட்டை.

இனி இயந்திரத்துக்குள் போவோம். பெரும்பாலான எளிய இயந்திரங்களில் பாதை ஒன்றுதான். அறைக் காற்று பின்புறமாக உள்ளே நுழைந்து ஹீட்டரைக் கடந்து சூடேறும். சுழலும் டிரம்முக்குள் புகுந்து துணிகளுக்கிடையே ஓடும். டிரம் எதற்குச் சுழல்கிறது என்பதை டேனரி டிரம்மைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டு, ஒவ்வொரு மடிப்பும் காற்றைப் பார்க்கும்படி செய்யத்தான். பிறகு காற்று ஒரு சல்லடை வழியாகப் போய், ஊதுவிசிறியை அடைந்து, நாலங்குலக் குழாய் வழியே சுவருக்கு வெளியே போகும்.

எவ்வளவு காற்று தேவை? ஐந்து கிலோ துணியை நன்றாகச் சுழற்றிப் பிழிந்தாலும் சுமார் மூன்று கிலோ தண்ணீர் தங்கிவிடும். வெளியே போகும் காற்று 45 டிகிரியில், முக்கால் பங்குக்கு மேல் தெவிட்டிப் போகிறது என்று வைத்துக்கொண்டால், மழை நாளில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் சுமையைக் கூடுதலாகக் கொண்டுபோகும். மூன்று கிலோவுக்கு நூறு கன மீட்டர் ஆகிறது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால், அப்படி மூன்றரை அறை நிறையக் காற்று அந்தச் சின்னக் குழாய் வழியாக வெளியே போயாக வேண்டும். மூன்று கிலோ தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது இரண்டு யூனிட் மின்சாரமும் ஆகும். ஹீட்டர் இரண்டரை கிலோவாட் என்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

எரிந்துகொண்டே இருந்ததா என்பதுதான் கேள்வி. எங்கள் இயந்திரத்தின் மர்மம் இங்கேதான் அவிழ்ந்தது.

குழாய் அடைத்துக் காற்றோட்டம் பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரோ அதே அளவு வெப்பத்தைக் கொடுக்கிறது. பாதிக் காற்றில் முழு வெப்பம் ஏறினால் அந்தக் காற்று இரு மடங்கு சூடேறத் துடிக்கும். ஆனால் துணி கருகிவிடக் கூடாது என்பதற்காக இயந்திரத்தில் ஒரு காவலர் இருக்கிறார். தெர்மோஸ்டாட், நம் வசதிக்கு வெப்பக் காவலர் என்போம். வெப்பநிலை எல்லையைத் தாண்டினால் அவர் ஹீட்டரை அணைத்துவிடுவார். ஆறினால் மறுபடி போடுவார். அடைத்த இயந்திரத்தில் ஹீட்டர் சிறிது நேரம் எரிந்து, அணைந்து, எரிந்து, அணைந்து ஓய்வெடுத்துக்கொண்டே இருக்கும். சுடுகிறதே என்று கதவைத் திறந்து பார்ப்பவருக்குச் சூடு கூடுதலாகத் தெரியும். உண்மையில் மணிக்கணக்கில் மொத்தமாகச் சேர்ந்த வெப்பம் குறைவு. காற்று சூடாக இருக்கிறது, போதவில்லை. ஆவிக்கு வழியில்லை, வெப்பமும் பாதியாகிவிட்டது. இரண்டு கையையும் கட்டிவிட்டு நீச்சலடி என்றால் எப்படி? அதனால்தான் ஹீட்டரை மாற்றி ஒரு பயனும் இல்லை. புது ஹீட்டரையும் அதே காவலர் அதே இடத்தில் நிறுத்துவார். சில இயந்திரங்களில் இன்னொரு கடைசிக் காவல், ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான் என்கிற வெப்ப ஃபியூஸ், உண்டு. அதை மாற்றிவிட்டு அடைப்பை விட்டுவிட்டால் அதுவும் மறுபடி அறுந்துபோகலாம்.

அடைப்பது எது? நம் துணிதான். ஒவ்வொரு முறை உரசும்போதும் துணியிலிருந்து மயிரிழை போன்ற நூல்துகள்கள் கழலும். ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசில் இதுவும் உண்டு. நூற்பஞ்சு என்று பெயர் வைத்துக்கொள்வோம். சல்லடையில் பெரும்பகுதி நிற்கும். ஒவ்வொரு முறையும் வழித்தெடுக்க வேண்டும், பலரும் எடுக்கிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அடைப்பு ஒன்று உண்டு. துணி மென்மையாகப் போடும் மணப்பொருள்களின் மெழுகு சல்லடைக் கம்பியிடுக்கில் படிந்து மெல்லிய படலமாகும். சல்லடை பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். குழாயடியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். ஓடிப் போனால் சரி. குளம் மாதிரி நின்றால் படலம் இருக்கிறது. சோப்பு போட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போய்விடும். பழுது பார்க்க ஒரு ஆளைக் கூப்பிடுவதற்கு முன் இதை நீங்களே செய்துவிடலாம்.

சல்லடையைத் தப்பிய துகள்கள் குழாயில் படிகின்றன. ஈரக் காற்றோடு போவதால் ஒட்டிக்கொள்ளும். வளைவுகளில், சுருங்கி விரியும் வரிக்குழாயின் பள்ளங்களில் இன்னும் அதிகமாக. குழாய் கொஞ்சம் குறுகினால் என்ன என்று நினைப்பது இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, குழாய்களில் நீர் ஓடும்போது ஏற்படும் இழப்பை வகைவகையான குழாய்களில் அளந்து 1857-இல் வெளியிட்டார். அப்போதிலிருந்து பொறியாளர்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கு: அதே காற்றைத் தள்ள வேண்டுமானால், குழாயின் விட்டம் 100 மில்லிமீட்டரிலிருந்து 75 ஆகக் குறையும்போது எதிர்ப்பு கால்பங்கு அல்ல, நாலு மடங்கு கூடும். சுற்றிலும் அரை அங்குலம் பஞ்சு படிந்தால் இதுதான் கதி. பைப்புக்குள் கொஞ்சம் பஞ்சு என்று அலட்சியம் செய்பவருக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள். வளைவு ஒவ்வொன்றும் கூடுதல் நீளம் போலத்தான். ஒரு செங்கோண வளைவு ஐந்தடி நேர்க்குழாய்க்குச் சமம் என்று அமெரிக்கக் கட்டட விதி கணக்கிடுகிறது. வெளிவாசலில் குருவி கூடு கட்டியிருந்தாலும், மூடித்தகடு திறக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதைதான்.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதில் ஒரு மருத்துவரின் தர்க்கம் இருக்கிறது. டேனரியில் பஃபிங் இயந்திரம், தோலின் மேற்புறத்தைத் தேய்த்துத் தூள் பறக்கவிடுவது, பார்த்திருப்பீர்கள். அந்தத் தூளை உறிஞ்சும் துணிப்பை வடிகட்டியின் இரு பக்க அழுத்தத்தையும் ஒப்பிடும் ஒரு அழுத்தமானி இருக்கும். வித்தியாசம் ஏறினால் பை அடைத்துவிட்டது என்று பொருள், உதறிவிட வேண்டும். தொழிற்சாலையில் கண்ணால் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. வீட்டில் நாமும் அப்படிச் செய்யலாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான ரப்பர் குழாயில் பாதி தண்ணீர் ஊற்றி ஆங்கில யூ எழுத்து போல வளைத்தால் அழுத்தமானி தயார். பழுதுபார்ப்பவரைக் கொண்டு இதன் ஒரு முனையை இயந்திரத்துக்குப் பின்னால் வெளியேற்றும் குழாய்க்குள் சொருகச் சொல்லுங்கள். விசிறி ஓடும்போது ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி மறு பக்கம் ஏறும். வித்தியாசம் 15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பின்னழுத்தம் மிகுதி. பல இயந்திரத் தயாரிப்பாளர்கள் வகுத்துள்ள எல்லையும் ஏறத்தாழ இதுவே. அடைப்பு விசிறிக்கு அப்பால், வெளிக்குழாயில்.

இப்போது எதிர்த் திசையில் யோசியுங்கள். காற்று வெளிவாசலில் மெலிதாக வருகிறது, ஆனால் தண்ணீர் மட்டம் ஏறவில்லை என்றால்? விசிறிக்கு அப்பால் தடையே இல்லை. தள்ளுவதற்குக் காற்றே வந்து சேரவில்லை. அடைப்பு விசிறிக்கு முன்னால், சல்லடையிலோ உள்வாசலிலோ. ஒரே கருவி, இரண்டு வகை நோயைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. இதைவிடச் சுலபமான சோதனையும் உண்டு: மின் இணைப்பை நீக்கி, குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, மறுபடி மின் இணைப்பைக் கொடுத்து, ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது. துணி நேரத்தில் காய்ந்தால் குற்றவாளி குழாய்தான். அறை முழுக்கச் சூடான ஈரக்காற்று நிறையும் என்பதால் சோதனைக்கு மட்டுமே இது. எரிவாயுவில் இயங்கும் இயந்திரமாக இருந்தால் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

நடுவே ஒரு சின்ன வேடிக்கை. அடைப்பு இருந்தால் விசிறி மோட்டார் சிரமப்படும், முனகும் என்று பலர் சொல்வார்கள். வேக்கம் கிளீனரின் வாயைக் கையால் மூடிப் பாருங்கள். சத்தம் கீழே போகாது, கீச்சென்று ஏறும். தள்ள வேண்டிய காற்று இல்லாததால் விசிறி இலகுவாகி வேகமாகச் சுற்றுகிறது, மோட்டாரின் சுமை குறைகிறது. மோட்டார் நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து அடைப்பு இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

சுவரில் குழாய் துளைக்க முடியாத அடுக்குமாடி வீடுகளில் ஆவியை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் வகை இயந்திரங்கள் வந்திருக்கின்றன. வேக்கம் டிரையரின் பங்காளி என்று சொல்லலாம். ஆவிக்கு இங்கே வழி வெளியே இல்லை, குளிர்ந்த உலோகத் தகட்டின் மேல். தகட்டில் பஞ்சு படிந்தால் அந்த வழி மூடிக்கொள்ளும். தொட்டியில் வழக்கத்தைவிடக் குறைவாகத் தண்ணீர் சேர்வது அடைப்பின் ஓர் அறிகுறி. குழாய் இல்லாததால் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது.

பஞ்சைப் பற்றிப் பேசும்போது தீயைச் சொல்லாமல் விட முடியாது. உலர்ந்த நூற்பஞ்சு எளிதில் பற்றும். குழாயில் காற்றோட்டம் குறைந்து ஹீட்டர் பக்கம் சூடு ஏறும்போது, பஞ்சும் அங்கேயே கிடக்கிறது. அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை வீடுகளில் உலர்த்தும் இயந்திரங்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நடந்ததாகவும், அவற்றில் மூன்றில் ஒரு பங்கு சுத்தம் செய்யாததால் விளைந்தவை என்றும் அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. நம் ஊரில் இந்த இயந்திரங்கள் இப்போதுதான் பரவுகின்றன. ஒவ்வொரு முறையும் சல்லடை, ஆண்டுக்கு ஒருமுறை குழாய் முழுவதும் என்று வழக்கப்படுத்திக்கொள்வது நல்லது. குழாய் வழவழப்பான உலோகக் குழாயாக, முடிந்தவரை குட்டையாக, வளைவு இல்லாமல் இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் பெரியப்பா இயந்திரத்தை நகர்த்தச் சொன்னார். பின்னால் இருந்த வரிக்குழாய், இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் முக்கால்வாசி நசுங்கிக் கிடந்தது. நசுங்கிய இடத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி நரைத்த பஞ்சு. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு வருசத்துத் துணியில ஒரு சட்டை இதுலயே போயிருக்கு" என்றார். குழாயை மாற்றி, நேராக்கி, இயந்திரத்தை ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்தோம். அன்று மாலை போட்ட துணி ஐம்பத்தைந்து நிமிடத்தில் காய்ந்தது.

கழற்றிய பழைய ஹீட்டர் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒருநாள் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.